பொது விளக்கும் சொந்த விளக்கும்

கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்த கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றிச் சரித்திரத்தில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. ஓர் இரவு அன்னார் விளக்கொளியில் அரசாங்க அலுவல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்திருந்தவர் பேச்சின் நடுவே கலீபா அவர்களின் குடும்ப நலத்தை விசாரித்தார். உடனே அன்னார் அந்த விளக்கை அணைத்துவிட்டு, தம் சொந்த விளக்கைக் கொண்டுவரச் செய்தார்கள். காரணம் கேட்டபோது, முதல் விளக்கில் எரிந்தது பைத்துல்மாலின் எண்ணெய் என்றும், சொந்தப் பேச்சுக்கு அதை எரிக்க உரிமையில்லை என்றும் விளக்கினார்கள்.

இதை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுத் தலையசைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பியதும் மறந்துவிடுகிறோம். ஆனால் இன்று மின்சாரச் சிக்கனத்திற்காக அரசாங்கங்கள் பொதுப்பணத்தைச் செலவிடுகின்றன. அப்பணத்தில் ஒரு பகுதி வியாபாரிகளின் கல்லா வழியாகவே மக்களைச் சென்றடைகிறது. ஆகவே இந்தப் பாடம் நமக்கும் உரியதே. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

கடையின் மின்கட்டணச் சீட்டை எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கென்று நூற்றுக்கு 1.6 வீதம் ஒரு தொகை சேர்க்கப்பட்டிருக்கும். 2011 டிசம்பரில் நூற்றுக்கு ஒன்றாகத் தொடங்கிய இது, 2014 ஜனவரியிலிருந்து 1.6 ஆயிற்று. மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மின்சாரம் எரிக்கும் கடை, ஆண்டொன்றுக்கு 192 வெள்ளி இந்நிதிக்குக் கொடுக்கிறது. இது சூரிய ஒளி முதலியவற்றிலிருந்து மின்சாரம் உண்டாக்குவதற்கான நிதி. மின்சார வழங்கல் தொழிலுக்கென 1997-ல் ஏற்பட்ட வேறோர் அறக்கட்டளைக் கணக்கும் உண்டு. தனியார் மின் உற்பத்தி நிறுவனங்கள் தம் மின் விற்பனை வருமானத்தில் நூற்றுக்கு ஒரு பங்கை அதில் செலுத்துகின்றன. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்வதும் மின்சிக்கனத்தை வளர்ப்பதும் அக்கணக்கின் நோக்கங்களில் அடங்கும். இவற்றுக்கு மேல் அரசாங்க வரவு செலவுத் திட்டத்திலிருந்தும் பணம் ஒதுக்கப்படுவதுண்டு. எந்த வாய்க்காலில் வந்தாலும் ஊற்று ஒன்றுதான்: வரி கட்டுபவரும் மின்கட்டணம் கட்டுபவருமான பொதுமக்கள்.

ஒருவர் தம் வீட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த மற்றவர் பணம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நம் ஜொகூரில் பொந்தியான் வட்டாரத்துத் தஞ்சோங் பின் மின்நிலையத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே எரியும் நிலக்கரி கடல் கடந்து கப்பலில் வருகிறது. எல்லாரும் சிறிது சிறிதாகக் குறைத்தால் அந்த எரிபொருட் செலவு குறையும். புதிய நிலையம் கட்டும் அவசியமும் தள்ளிப் போகும். அந்த இலாபம் எல்லாருக்கும் சேர்வதால் செலவிலும் எல்லாரும் பங்கு கொள்வது முறையே. அன்றியும், சிக்கனமான சாதனம் வாங்க முதலில் ரொக்கம் வேண்டும். கையில் ரொக்கமில்லாதவரே மின்சாரத்தை அதிகம் விழுங்கும் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு மாதந்தோறும் கூடுதலாகக் கட்டுகிறார். அவருக்குத்தான் முதலில் கை கொடுக்க வேண்டும்.

யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

நம் நாட்டில் 2011-ல் ‘சேவ்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. ஐந்து நட்சத்திர முத்திரை பெற்ற குளிர்பெட்டி வாங்குவோருக்கு 200 வெள்ளியும், குளிர்சாதனம் வாங்குவோருக்கு 100 வெள்ளியும் கழிவாகக் கிடைத்தன. மறுபடியும் 2021-ல் மூன்று கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டு, நான்கு அல்லது ஐந்து நட்சத்திரச் சாதனம் ஒன்று வாங்கும் குடும்பத்திற்கு 200 வெள்ளி வழங்கப்பட்டது. நட்சத்திரம் கூடக் கூட மின்செலவு குறைவு என்பது எரிசக்தி ஆணைய முத்திரையின் பொருள்.

நல்ல திட்டமே, ஐயமில்லை. எனினும் ஒரு குறை உண்டு. புதிய பெட்டி வாங்க வசதியுள்ளவருக்கே கழிவு கிடைக்கும். அவர்களில் சிலர் கழிவு இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள். பழைய பெட்டியை இரண்டாங் கையாக வாங்கும் ஏழைக் குடும்பத்திற்கு ஒரு காசும் வராது. பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் 2020-ல் தொடங்கியபோது, ஒன்று முதல் மூன்று அறை வரையுள்ள அடுக்குமாடி வீட்டாருக்கே முதலில் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். பின்னர் 2024-ல் அடுக்குமாடி வீட்டார் எல்லாருக்கும், 2025-ல் தனியார் வீட்டாருக்கும் அது விரிந்தது. எளியவர் முதலில் என்ற அந்த வரிசை கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் வேறொரு வழி. 2015 ஜனவரியில் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தில், அரசாங்க நிறுவனமொன்று எல்.இ.டி. விளக்குகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. ஒரு விளக்கின் கொள்முதல் விலை 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய்வரை இறங்கியது. முப்பத்தாறு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மக்களிடம் சென்றன. மொத்தக் கொள்முதலின் பலம் என்ன என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

வியாபாரியின் அமானிதம்

இனி நம்மைத் தொடும் விஷயத்திற்கு வருவோம். கழிவு வழங்கும் திட்டம் எதுவும் கடைக்காரர் இல்லாமல் நடவாது. 1,200 வெள்ளிக்கு விற்ற பெட்டியை, கழிவு அறிவித்த மறுநாள் 1,400 என்று விலை எழுதினால் என்ன நடக்கிறது? வாங்குபவர் முன்போலவே 1,200 கொடுக்கிறார். பொதுப்பணம் 200 வெள்ளி கடையின் கல்லாவில் விழுகிறது. கணக்கில் எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். சட்டத்தின் கண்ணுக்கு அகப்படாமலும் போகலாம். ஆயினும் அது பைத்துல்மால் விளக்கில் சொந்தக் கடிதம் எழுதியதற்கு ஒப்பானது. கழிவு வாங்குபவருக்குரிய ஹக்கு. அது நம் கைவழியே செல்லும் அமானிதம், நம் இலாபமன்று. சரக்கின் நியாயமான இலாபம் நமக்கு ஹலால். கூடுதல் விற்பனையால் வரும் பரக்கத்தும் நமக்கே. அதற்கு மேல் ஆசைப்படுவானேன்?

அளந்து பார்ப்பது

பொதுப்பணம் செலவானது என்பதனால் மட்டும் மின்சாரம் மிச்சமாகிவிட்டது என்று ஆகாது. அளந்து பார்க்க வேண்டும். இதற்கு நம் ஜொகூரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. இஸ்கண்டார் மலேசியா வட்டாரத்தில் 2013-ல் 23 தொடக்கப்பள்ளிகளில் ‘எக்கோலைஃப் சவால்’ என்ற திட்டம் ஆரம்பமாயிற்று. ஜப்பானின் கியோட்டோ நகரத்துப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட திட்டத்தைப் பின்பற்றியது இது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இஸ்கண்டார் வட்டார மேம்பாட்டு ஆணையமும் இதில் கை கோத்தன. பிள்ளைகள் தம் வீட்டு மின்கட்டணத்தையும் தண்ணீர்க் கட்டணத்தையும் பயிற்சிப் புத்தகத்தில் குறித்து, குறைந்ததா கூடியதா என்று பார்த்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை செய்த காரியத்தை, நாள் தவறாமல் பேரேடு எழுதும் நாம் செய்ய முடியாதா?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவோம். பழைய இரும்புச் சோக்குடன் கூடிய குழல்விளக்கு சுமார் 45 வாட் எடுக்கும். அதே அளவு எல்.இ.டி. குழல் 18 வாட். மிச்சம் 27 வாட். ஒரு கடையில் 20 விளக்குகள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிந்தால், நாளைக்கு ஏறக்குறைய ஆறரை யூனிட் மிச்சம். மாதத்திற்கு 194 யூனிட். யூனிட் 50 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் 97 வெள்ளி. புதிய குழல்களின் விலையைச் சில மாதங்களிலேயே இந்த மிச்சம் திருப்பித் தந்துவிடும்.

நம் சங்கங்கள் செய்யக் கூடியவை

முதலாவது, ஒவ்வொரு கடையாரும் ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளை வரிசையாக அடுக்கி, மாத யூனிட்டுகளை ஒரு தாளில் எழுதட்டும். வெள்ளியை மட்டும் பார்த்தால் கட்டண மாற்றம் கண்ணை மறைக்கும். யூனிட்டே உண்மை சொல்லும்.

இரண்டாவது, பள்ளிவாசல் மின்கட்டணம் வக்பு வருமானத்திலும் ஜும்ஆ வசூலிலும் கட்டப்படுகிறது. அதுவும் பொதுப்பணமே. தொழுகை முடிந்து ஆளில்லாத கூடத்தில் சுழலும் மின்விசிறி யாருடைய எண்ணெயை எரிக்கிறது? நிர்வாகிகள் மீது பழி போடாமல், கடைசியாக வெளியேறுபவர் விசையை அணைத்தாலே போதும்.

மூன்றாவது, உறுப்பினர்கள் ஒன்று சேர்ந்து விளக்கு, மின்விசிறி முதலியவற்றை மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம். சிறு கடையாருக்குச் சங்கம் வட்டியில்லாக் கடனாக, கர்ளுல் ஹஸனாவாகக் கொடுத்து, மாத மிச்சத்திலிருந்து தவணையாகத் திரும்பப் பெறலாம். திரும்பிய பணம் அடுத்தவருக்கு உதவும். ஸகாத் பணத்தை இதில் கலக்கலாகாது. அதைப் பெற உரியவர்கள் எட்டு வகையினர் என்று மார்க்கம் வகுத்திருக்கிறது.

நான்காவது, அரசாங்க உதவித்தொகை கிடைக்குமானால் அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், முன்பு எத்தனை யூனிட், பின்பு எத்தனை யூனிட் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். நிர்வாகிகளின் சொந்தக் கடை உதவி பெறுவதாயின், வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும்.

கலீபா அவர்கள் அன்று அணைத்தது ஒரு சிறு விளக்கு. அதில் மிச்சமான எண்ணெய் சில துளிகளே. ஆனால் பொதுப்பொருள் எது, சொந்தப்பொருள் எது என்ற எல்லை அந்த இருட்டில் தெளிவாகத் தெரிந்தது. அந்த எல்லையை நம் கடைகளிலும் சங்கங்களிலும் காப்பாற்றினால், மிச்சமாகும் மின்சாரத்தோடு நம் வியாபாரத்தின் நாணயமும் ஓங்கும். அதற்கான தௌபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.