அச்சம் என்னும் மெய்ப்பாடும் அதனை அறியுமாறும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் நாவிற் பயின்று வரும் பழமொழி. அகத்தின் அச்சமும் அங்ஙனமே ஐயத்துக்கிடமின்றி முகத்தில் தெரியுமோ என்பது இக்கட்டுரையில் யான் எடுத்துக்கொண்ட வினா. முப்பதாண்டுக்கு மேலாக வகுப்பறையில் நின்று, நாள்தோறும் நூற்றுக்கணக்கான இளமுகங்களைப் பார்த்துப் பழகிய ஒருவன் இதற்கு எளிதில் விடை பகர்வான் என அன்பர்கள் எதிர்பார்த்தல் கூடும். யானும் ஒருகால் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் சிதைந்த வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன்.

உள்ளத்து உணர்வு உடம்பின்கண் புலப்படுதலைத் தமிழர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் இதற்கென ஓர் இயலையே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாகப் பகுத்தார். அச்சம் பிறக்கும் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு என்பது அவர் கொள்கை. இறை என்பது தலைமையுடையோரைக் குறித்தலின், தனக்கு மேலாய் நின்று தன்னை ஒறுக்க வல்லார் யாவரையும் அதனுள் அடக்கலாம் என்பது என் துணிபு. மாணாக்கனுக்கு ஆசிரியனும் அவ்வரிசையில் நிற்பவனே. திருவள்ளுவரோ குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரால் இரண்டு அதிகாரங்கள் செய்து, ஒன்றைப் பொருட்பாலிலும் மற்றொன்றைக் காமத்துப்பாலிலும் வைத்தார். அரசவையிலும் காதலிலும் முகத்தைப் படிக்கத் தெரியாதவன் இடர்ப்படுவான் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

மேனாட்டில் இத்துறையை விஞ்ஞான நெறியிற் கொணர்ந்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் துஷேன் என்னும் பிரான்சிய வைத்தியர். முகத்தில் உணர்ச்சி குன்றிய முதியவர் ஒருவரின் தசைகளை மின்னோட்டத்தால் ஒவ்வொன்றாகச் சுருங்கச் செய்து, அந்நிலையில் நிழற்படம் எடுத்து, 1862 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கழுத்தின் முன்புறத்தே தோலின்கீழ் விரிந்து கிடக்கும் மெல்லிய தசையை அச்சத்தின் தசை என்றே அவர் கருதினார். பத்தாண்டு கழித்து, 1872 இல், சாள்ஸ் டார்வின் மனிதரிலும் விலங்கினத்திலும் உணர்ச்சிகள் வெளிப்படுமாற்றைப் பற்றி எழுதிய நூலில் அப்படங்களை எடுத்தாண்டார். உலகின் பல பகுதிகளிலும் வாழ்ந்தோருக்கு 1867 ஆம் ஆண்டளவில் அச்சிட்ட வினாக்கொத்தொன்றை அவர் அனுப்பியிருந்தார். மிக்க அச்சம் ஐரோப்பியர் முகத்திற் போலவே அவ்வந்நாட்டார் முகத்திலும் தோன்றுகின்றதா என்பது அவ்வினாக்களுள் ஒன்று. முப்பத்தாறு விடைகள் வந்தன. நம் நாட்டுச் செய்தியொன்றும் அந்நூலில் இடம் பெற்றது என்பதை ஈண்டு இடைப்பிறவரலாகக் கூறலாம். இலங்கையிற் பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் அசைவற்றுக் கிடந்து கண்ணீர் சொரிந்தமையை எமேசன் ரெனன்ற் எழுதிவைத்திருந்தார். டார்வின் அதனை மேற்கோளாகக் கொண்டு, இலண்டன் விலங்குச்சாலை யானைகளிடத்தும் அஃது உண்டோ என ஆராய்ந்தார்.

அதே விலங்குச்சாலையில் அவர் தம்மீதே ஒரு பரிசோதனை செய்தார். கொடிய விரியனொன்று அடைக்கப்பட்டிருந்த தடித்த கண்ணாடியில் முகத்தை வைத்து, பாம்பு பாய்ந்தாலும் பின்வாங்குவதில்லை என உறுதி பூண்டார். பாம்பு பாய்ந்தது. உறுதி பறந்தது. அடுத்த கணம் அவர் ஓரிரு கசத்துக்கு அப்பால் நின்றார். கண்ணாடியை ஊடுருவிப் பாம்பு தீண்டாது என்னும் அறிவு தெளிவாக இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்கவில்லை. அச்சத்தின் வெளிப்பாடு நம் இச்சைக்கு முழுவதும் அடங்காதது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி, அச்சமுற்ற முகத்தின் அடையாளங்களைச் சிறிது விரித்து நோக்குவோம். 1978 ஆம் ஆண்டில் போல் எக்மன், வாலஸ் பிரீசன் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் இருவர் முகத்தசைகளின் அசைவுகள் அனைத்துக்கும் எண்ணிட்டு ஒரு முறைமையை அமைத்தனர். அவர்கள் காட்டும் அச்சமுகம் இது: புருவங்கள் மேலே எழும், எழுந்த நிலையிலேயே ஒன்றையொன்று நெருங்கி, வளைவு நீங்கி, ஏறத்தாழ நேர்கோடாகும். மேலிமை உயர்ந்து கருவிழிக்கு மேலுள்ள வெண்மை புலப்படும். கீழிமையோ தளராது இறுகி நிற்கும். வாய் சிறிது திறக்கும். உதடுகள் காதுகளை நோக்கிப் பக்கவாட்டில் இழுபடும். இவற்றுள் புருவம் உயர்தலும் நெருங்குதலும் ஒருங்கே நிகழ்தல் மிகக் குறிப்பிடத்தக்கது. ஏனெனில் உயர்த்துந் தசையும் சுருக்குந் தசையும் வெவ்வேறானவை. அவ்விரண்டையும் வேண்டுமென்றே ஒருங்கு இயக்குதல் பலருக்கு இயலாது. ஐயமுறுவோர் கண்ணாடி முன் நின்று முயன்று பார்க்க.

அச்சத்தோடு மயங்குவது மருட்கை, அதாவது வியப்பு. வியப்பில் புருவம் வில்லென வளைந்து எழும், நெருங்காது. தாடை தளர்ந்து கீழே விழும், உதடு இழுபடாது. வியப்பு கணப்பொழுதில் மறைந்து வேறோர் உணர்ச்சிக்கு இடங்கொடுக்கும். அச்சம் நின்று நீடிக்கவும் கூடும். இவ்வேறுபாடு எழுத்தில் எளிதாயினும் காட்சியில் எளிதன்று. எக்மனும் பிரீசனும் பப்புவா நியூகினியின் மலைநாட்டில் வாழும் ஃபோரே மக்களிடம் சென்று, சிறு கதையொன்றைக் கூறி, அதற்குப் பொருந்தும் முகப்படத்தைத் தெரிந்தெடுக்குமாறு கேட்டனர். அச்சத்துக்கு அவர்கள் அமைத்த கதை சுவையானது. ஊரில் எவரும் இல்லை. ஒருவன் வீட்டில் தனித்திருக்கிறான். கத்தியோ கோடரியோ வில்லோ கைவசம் இல்லை. வாயிலிலே காட்டுப்பன்றியொன்று வந்து நின்று விலகாதிருக்கின்றது. தொல்காப்பியர் கூறிய நான்கனுள் இஃது இரண்டாவது என்பதை அன்பர்கள் கண்டிருப்பர். 1971 இல் வெளிவந்த அம்முடிபுகளின்படி, ஃபோரே மக்கள் பிற உணர்ச்சிமுகங்களைப் பெரும்பாலும் சரியாகவே தெரிந்தெடுத்தனர். ஆனால் அச்சமுகத்தையும் வியப்புமுகத்தையும் அருகருகே வைத்தபோது அவர்களால் வேறுபடுத்த இயலவில்லை.

கண் விரிதலால் பயன் என்னை? 2008 ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர் சிலர் அச்சமுகத்தைப் புனைந்து காட்டியோரின் பார்வையையும் மூச்சையும் அளந்தனர். பார்வைப் பரப்பு விரிந்தது. கண்ணின் இயக்கம் விரைந்தது. மூக்கின்வழி உட்செல்லும் காற்று மிகுந்தது. அருவருப்பு முகத்திலோ இவை யாவும் குறைந்தன. ஆகவே அச்சமுகம் பிறர்க்குச் செய்தி சொல்லுதற்கு முன்னரே அச்சமுற்றவனுக்கு உதவி செய்கின்றது போலும். பார்ப்பவருக்கும் அவ்விழி வெண்மை போதுமானது. முகத்தின் பிற பகுதிகளை நீக்கி, விரிந்த கண்களின் வெண்மையை மட்டும் நொடியின் ஐம்பதிலொரு பங்கினும் குறைந்த பொழுது காட்டியபோதும், பார்ப்பவரின் மூளையில் அமிக்டலா என்னும் பகுதி கிளர்ந்தெழுந்தமை 2004 இல் அறிவிக்கப்பட்டது.

அமிக்டலா என்பது மூளையின் இருபுறத்தும் ஆழத்தே அமைந்த, வாதுமை வித்துப் போன்ற வடிவுடைய சிறு பகுதி. அரிய பரம்பரை நோயொன்றால் அப்பகுதி இருபுறமும் அழிந்துபட்ட அமெரிக்கப் பெண்மணி ஒருவரை ஆய்வாளர் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்தனர். மகிழ்ச்சி முதலிய உணர்ச்சிகளை அவர் பிறர் முகத்தில் நன்கு அறிவார். அச்சத்தை மட்டும் அறியார். இது 1994 இல் வெளிவந்தது. ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு முகம் வரையுமாறு கேட்டபோது பிறவற்றை வரைந்தவர், அச்சமுகம் எவ்வாறிருக்கும் என்றே தமக்குத் தெரியாதென்றார். பாம்பைக் கையிலெடுத்து ஆவலோடு பார்த்தார். இவை வியப்புக்குரியனவே. எனினும் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது 2005 இல் வெளிவந்த செய்தி. அப்பெண்மணி பிறர் முகத்தைப் பார்க்கும்போது கண்களைப் பார்ப்பதில்லை என்பது அப்பொழுது தெரியவந்தது. கண்களைப் பாரும் என்று சொன்னவுடன் அவர் அச்சத்தைப் பிறரைப் போலவே சரியாக அறிந்தார்! சொல்லுவதை நிறுத்தியதும் பழைய நிலைக்கு மீண்டார். அறிவு குன்றியதன்று, பார்வை சென்ற இடம் பிழைத்தது.

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் கூறுகிறேன்.

என் ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், வெளியூர்ப் பாடசாலையொன்றில் எட்டாம் வகுப்புக்குக் கேத்திரகணிதம் கற்பித்தேன். அவ்வகுப்பிலே ஒரு மாணாக்கன், கரும்பலகைக்கு அழைக்கும்போதெல்லாம் பல் தெரிய வாயை இழுத்துக்கொண்டு நிற்பான். என்னைப் பார்த்து நகைக்கின்றான் என்று கொண்டேன். பிரம்பெடுத்தேன். அடிக்க அடிக்க அந்நகை அகன்றதேயன்றிக் குறையவில்லை. என் சினமும் அதற்கேற்ப வளர்ந்தது. அவ்வாண்டு மூன்றாந் தவணையோடு அவன் பாடசாலைக்கு வருவது நின்றுவிட்டது. பல்லாண்டு கழித்து, பேருந்து நிலையமொன்றில் ஒருவர் என்னைக் கண்டு வணங்கி, தம் பெயரைக் கூறினார். சிறிது நேரம் நாட்டுநடப்பைப் பற்றி உரையாடினோம். விடைபெறும்போது, "சேர், நான் உங்களைப் பார்த்து ஒரு நாளும் சிரிக்கேல்லை" என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை. ஏதோ நெடுநாளாக ஒப்புவிக்க வேண்டியிருந்த கணக்கை ஒப்புவிப்பவர் போலக் கூறிவிட்டு வண்டியேறினார்.

மெய்யான நகையில் வாயின் கோடிகள் மேனோக்கி எழும், கன்னம் உயரும், கண்ணின் ஓரம் சுருங்கும். அச்சத்தில் வாயின் கோடிகள் நேரே பக்கவாட்டில் இழுபடும், கண்ணோ விரியும். வட இந்தியாவில் வாழும் ரீசஸ் குரங்கினத்திலும், வலிய குரங்கின்முன் மெலிய குரங்கு ஓசையின்றிப் பல்லைக் காட்டி நிற்கும். அஃது அடங்கிப்போனதன் அறிகுறியே. அச்சிறுவனின் வாயை மட்டும் நான் பார்த்தேன், புருவத்தைப் பார்த்தேனல்லேன். அப்பெண்மணிக்கு நோய் இருந்தது. எனக்கு அத்தகைய நியாயம் ஒன்றும் இல்லை.

முகத்தின் உணர்ச்சிகளை உலகோர் யாவரும் ஒரேவாறு படிக்கின்றனர் என்னும் கொள்கையும் இப்பொழுது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. ஐரோப்பியரினும் கிழக்காசிய நாட்டினர் கண்களையே மிகுதியாக நோக்குகின்றனர் என்றும், அதனால் அச்சத்தை வியப்பெனக் கொள்ளல் அவர்களிடம் மிகுதி என்றும் 2009 இல் ஓர் ஆய்வு கூறிற்று. நியூகினிக்குக் கிழக்கேயுள்ள துரோப்ரியாந்துத் தீவினர், மேனாட்டார் அச்சமுகம் எனக் காட்டிய அதே படத்தை வெகுளியும் அச்சுறுத்தலும் காட்டும் முகமாகக் கொண்டனர் என்று 2016 இல் வெளிவந்தது. ஒருவர்க்கு அஞ்சுபவனாகத் தோன்றுபவன் மற்றொருவர்க்கு அஞ்சத்தக்கவனாகத் தோன்றுகிறான்! ஆகவே எண்ணிட்ட தசைகளின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பிறர் உள்ளத்தை அளக்கப் புகுதல் இடர் தரும். ஆயினும் குழந்தை தன் தாய்முகத்தைப் படிப்பதில் பிழைப்பது அரிது. கண்ணாடித் தளத்தின்கீழ்ப் பள்ளம் தோன்றுமாறு அமைத்து, ஓராண்டு நிரம்பிய குழந்தைகளை அதன்மீது தவழவிட்ட பரிசோதனையொன்று 1985 இல் வெளிவந்தது. எதிர்ப்புறத்தில் தாய் மகிழ்ந்த முகம் காட்டியபோது பத்தொன்பது குழந்தைகளுள் பதினான்கு கடந்தன. அச்சமுகம் காட்டியபோது பதினேழனுள் ஒன்றேனும் கடக்கவில்லை.

அச்சத்தை அச்சமென்றே அறிந்த பின்னரும் ஒரு பிழை எஞ்சி நிற்கின்றது. நம்முட் பலர் உயர்வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தைக் கற்றோம். தெஸ்திமோனாவின் முகத்தில் அச்சம் இருந்தது உண்மை; ஒதெல்லோ அதனைக் கண்டதும் உண்மை. நம்பப்படாமையால் வந்த அச்சத்தைக் குற்றத்தால் வந்த அச்சம் எனக் கொண்டதே அவன் பிழை. இதனை எக்மன் ஒதெல்லோப் பிழை என்றே பெயரிட்டழைத்தார். முகம் அச்சத்தைக் காட்டும். அச்சத்தின் காரணத்தைக் காட்டாது. அமெரிக்க வானூர்தி நிலையங்களில் பயணிகளின் முகக்குறிப்பையும் நடத்தையையும் கொண்டு கேடு சூழ்வோரைத் தெரிந்தெடுக்க 2007 இல் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் அதனை ஆராய்ந்து, போதிய சான்றில்லை என்றும் அதற்குச் செலவிடும் பணத்தை மட்டுப்படுத்துக என்றும் 2013 இல் கூறிற்று. அவ்வறிக்கை வரும்வரை நம்மவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில் சோதனைச் சாவடி வரிசைகளில் நின்ற எம் மாணாக்கர், குற்றம் ஏதும் செய்யாதிருந்தும் முகம் வெளிறி நின்றனர். வெளிறிய முகமே ஐயத்துக்கு ஏதுவாகும் என்னும் நினைவால் மேலும் வெளிறினர். முகத்தைச் சாதாரணமாக வைத்திரு என்று தாய்மார் கூறியனுப்பிய புத்திமதி அவ்வச்சத்தை இரட்டித்திருக்கும். ஏனெனில் புருவம் நம் சொற்கேட்பதன்று.

ஓய்வு பெறுதற்கு முந்திய ஆண்டுகளில் யான் கைக்கொண்ட வழக்கமொன்றை இளைய ஆசிரியர் பொருட்டுக் குறிப்பிடுகிறேன். கரும்பலகையருகே மாணாக்கன் தயங்கி நின்றால், வாயை விடுத்துப் புருவத்தையும் கீழிமையையும் பார்ப்பேன். கண்டது அச்சமோ வேறொன்றோ எனத் தெளியாவிடின் அவனைக் கேட்பேன். வகுப்பின் நடுவிலன்று, மணியடித்த பின்னர். கேட்குமுன் நாற்காலியில் அமர்ந்துகொள்வேன். நின்ற ஆசிரியனுக்குக் கூறும் விடையும் இருந்த ஆசிரியனுக்குக் கூறும் விடையும் வேறாதலை அவ்வாண்டுகளில் அறிந்தேன். பல வேளைகளில் அவன் அஞ்சியது என்னையன்று. அன்று காலை வீட்டில் நிகழ்ந்த ஏதோ ஒன்றை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதாயின், அவன் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கி, நிறுவலின் முதல் வரியை நானே எழுதிவிட்டு, இரண்டாம் வரிக்கு வெண்கட்டியைத் திருப்பிக் கொடுப்பேன்.