முடி பிடுங்கும் பழக்கமும் மனச்சோர்வு மாத்திரைகளும்

தலைமுடி, புருவம், இமைமுடி ஆகியவற்றை அடக்கவியலாத உந்துதலினாலோ தம்மையறியாமலோ பிடுங்கும் நிலை பெரும்பாலும் 10 முதல் 13 வயதுக்குள் ஆரம்பிக்கின்றது. பிரெஞ்சுத் தோல்நோய் வைத்தியர் அலோப்போ 1889 இல் இதற்கு ட்ரைக்கோட்டிலோமேனியா எனப் பெயரிட்டார். இது பிடிவாதமன்று; வளர்ப்பின் குறையுமன்று. எண்ணெயை மாற்றுவதாலோ மொட்டையடிப்பதாலோ தீராது. கண்டித்தால் பிள்ளை மறைவில் பிடுங்கப் பழகும்.

மாத்திரை கொடுத்தால் நின்றுவிடாதா எனப் பெற்றோர் வினவுவது இயல்பே. ஆயினும் ஃபுளூஒக்செற்றின் போன்ற மனச்சோர்வு மருந்துகள், வளர்ந்தோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில், முடி பிடுங்குவதைக் குறைப்பதில் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. பழைய மருந்தான குளோமிப்பிறமீன் 1989 ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் ஓரளவு பயனளித்தது. அதில் பங்கேற்றோரோ 13 பெண்கள் மாத்திரமே. வாய் வறட்சி, மலச்சிக்கல், இதயத்துடிப்பு மாற்றம் என்பன அதன் பக்கவிளைவுகள்.

ஆகவே முதலில் கோரவேண்டியது பழக்கமாற்றுப் பயிற்சியாகும். கை எப்போது தலையை நாடுகின்றது என்பதைப் பிள்ளை தானே குறித்துவைக்கும்: படிக்கும்போதா, உறங்குமுன்னா, தொலைபேசி பார்க்கும்போதா? உந்துதல் எழுந்ததும் கையை இறுகப் பொத்தி, அது தணியும்வரை வைத்திருக்கப் பழகும். முன்னேற்றம் மெதுவானது, இடையில் மீண்டும் தொடங்குவதும் உண்டு.

மனச்சோர்வோ கடும் பதற்றமோ உடனிருப்பின் மருந்துக்கு இடமுண்டு. அது அந்நோய்க்கான மருந்து என்பதை வைத்தியரிடம் தெளிவாகக் கேட்டறிதல் நன்று. முதற் சில வாரங்களிலும் அளவு மாறும்போதும் தன்னைத் துன்புறுத்தும் எண்ணம், அமைதியின்மை, உறக்கக் குலைவு தோன்றுகின்றனவா எனக் கவனித்தல் வேண்டும். தோன்றின் அன்றே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். முடி வளரவில்லையென்று மருந்தைத் திடீரென நிறுத்துதல் ஆகாது.

பிடுங்கிய முடியை விழுங்கும் பிள்ளைக்கு வயிற்றுவலி, வாந்தி, பசியின்மை ஏற்பட்டால் தாமதமின்றிக் காட்டவேண்டும். முடி இரைப்பையில் திரளக்கூடும்.

இங்கிலாந்தில் 16 வயது நிறைந்தோர் 1969 ஆம் ஆண்டுச் சட்டப்படி சிகிச்சைக்குத் தாமே சம்மதமளிக்கலாம். அதற்குக் குறைந்த வயதினரும் போதிய விளக்கமுடையோராயின் அவ்வாறே என 1985 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எனவே வைத்தியர் பிள்ளையுடன் தனியே பேச விழைந்தால், அது பெற்றோரை ஒதுக்குவதாகாது. தேசிய சுகாதார சேவையில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கோரலாம். நேரம் குறிக்கும்போதே கோருதல் வேண்டும். தன் நோயைத் தானே பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் நிலைக்குப் பிள்ளையை ஆளாக்கலாகாது.