தொலைவிலுள்ள தோட்டங்களுக்கு இணையத் தொடர்பும் ரவுட்டரும் தெரிந்தெடுத்தல்

ஊரை விட்டு விலகிய தோட்டங்களில், கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே கைபேசியால் இயக்கும் கருவிகளை நிலச்சுவான்தார்கள் பலர் பொருத்தி வருகின்றனர். இணையத் தொடர்பு நடுவில் அறுந்துபோகுமாயின், நீர் வற்றினால் தானே நிறுத்தும் காப்பு இல்லாத மோட்டார், நிறுத்தியதாக எண்ணியிருக்கையிலேயே வறண்ட கிணற்றில் ஓடிக் கருகிவிடக் கூடும். ஆகையால் இத்தகைய இடங்களுக்கு வேகத்தைக் காட்டிலும் அறாத தொடர்பே பிரதானம். விளம்பரங்களோ வேகத்தை மாத்திரமே பேசுகின்றன.

ஒளியிழைக் கம்பி கிட்டுமாயின் வேறெதையும் நாட வேண்டுவதில்லை. ஆயினும் கம்பங்களின்மேல் ஒரே வழியாக வரும் கம்பி, மரக்கிளை ஒன்று முறிந்து விழுந்தாலும் அற்றுவிடும். 2023-ல் அங்கீகரிக்கப்பட்ட திருத்திய பாரத்நெட் திட்டத்தில் கம்பியை வளையமாக அமைக்க ஏற்பாடு செய்திருப்பது இக்குறையை உத்தேசித்தேயாம். தம் ஊராட்சிக்கு வரும் கம்பி எவ்வகையது என்று விசாரித்தறிதல் நலம்.

கம்பி எட்டாத இடங்களுக்குக் கைபேசிக் கோபுரமே கதி. எந்தக் கம்பெனி சிறந்தது என்பதை ஊரார் சொல்லக் கேட்டு முடிவு செய்தல் தகாது. ரவுட்டர் வைக்கப்போகும் அதே இடத்துக்குப் பல கம்பெனிகளின் சிம் உள்ள கைபேசிகளையும் கொண்டுபோய்ச் சோதித்தல் வேண்டும். அலையின் வலிமை மைனஸ் 90 டிபிஎம் அளவில் இருந்தால் நன்று. மைனஸ் 110-க்கும் கீழே இறங்கினால் நம்பத்தக்கதன்று. காலையில் ஒரு முறை பார்த்துத் திருப்தியடைதலும் கூடாது. மின்சாரம் நின்று மூன்று நான்கு மணி நேரம் சென்றபின் மறுபடி பார்க்க வேண்டும். கோபுரமும் அப்போது பாட்டரியால் ஓடுவதே. அது தீர்ந்ததும் கோபுரம் வாய் மூடிவிடும். இதையறியாதார் ரவுட்டரைப் பழித்து, வேறொன்று வாங்கிப் பணத்தை வீணாக்குகின்றனர். பயிர்க் கணக்கை வயல்தோறும் கைபேசியில் பதிந்து வரும் கிராம உத்தியோகஸ்தர்கள், எப்பகுதியில் எந்தக் கம்பெனியின் அலை கிடைக்கிறதென்று குறித்து வைப்பின் குடியானவர்களுக்குப் பெரிதும் உதவும்.

இரண்டு சிம் ஏற்கும் ரவுட்டர் விசேஷமானதே. ஆனால் இரு கம்பெனிகள் ஒரே கோபுரத்தில் குடியிருப்பதும் உண்டாதலால், வெவ்வேறு கோபுரத்தினவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைவுக்கும் தோப்புகளினூடேயும் நன்கு செல்லும். அவற்றுள் தம் கம்பெனி அவ்விடத்தில் வழங்குவதை ரவுட்டர் ஏற்குமா என்பதை வாங்குமுன் பார்த்தல் அவசியம். ஆன்டெனாவிலிருந்து வரும் கம்பி நீள நீள, அலையின் வலிமை அதிலேயே கரைந்துபோம். ஆகவே ரவுட்டரை ஆன்டெனாவின் அருகே மழை படாத பெட்டியில் வைத்து, அங்கிருந்து ஈதர்நெட் கம்பியை இழுத்தல் மேல். 100 மீட்டர் வரை அது தாங்கும்.

10 வாட் கொள்ளும் ரவுட்டருக்கு 10 மணி நேரத்துக்கு 100 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியில் 240 வாட்-மணி இருப்பினும், பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குன்றுமாதலால் 120 மட்டுமே கணக்கில் கொள்ளத்தக்கது. 12 வோல்டில் நேரே இயங்கும் ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் வேண்டுவதில்லை. ஆயினும் பாட்டரி ஏற்றமாகும்போது வோல்டேஜ் 14-க்கு மேலும் போவதால், அதைத் தாங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆன்டெனாக் கம்பத்துக்கு எர்த் கம்பி இணைத்தலும், பெட்டியின் துளைகளை எறும்பும் பல்லியும் புகாதபடி அடைத்தலும் பொருத்திய அன்றே செய்யத்தக்கவை.