கூடைப்பந்தாட்டத்தில் மாற்றாட்டக்காரர் நிலை

ஆடுகளத்தில் நின்று ஆடுவோரையே உலகம் காண்கின்றது. களத்தின் ஓரத்துப் பெஞ்சில் காத்திருப்போரைக் காண்பார் அரியர். விருதுநகரிலும் சிவகாசியிலும் மாலை வெயில் தணிந்தபின் கூடைப்பந்து ஆடும் மாணவரிடையே, ஆட்டம் முடிந்தவுடன் எழும் வழக்குப் பெரும்பாலும் வெற்றி தோல்வியைப் பற்றியதன்று. "இவனை ஏன் இவ்வளவு நேரம் ஆடவிட்டார்? அவனை ஏன் இறக்கவேயில்லை?" என்பதே அவ்வழக்கு. பட்டாசுச் சாலையிற் பணிபுரியும் பெற்றோரின் பிள்ளை ஒருவன் ஒரு நாளும் தவறாது பயிற்சிக்கு வந்து, இருட்டியபின் பேருந்தேறி ஊர் திரும்பி, ஆண்டு முழுதும் பெஞ்சிலேயே இருந்துவிடின், அவனுக்கு நாம் கூறத்தக்க விடை யாது? இதனைத் தொழின்முறைக் குழுக்களின் அனுபவத்தைத் துணைக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாட்டம் 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் ஆசிரியரால் வகுக்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் அவருடைய வகுப்பு மாணவர் பதினெண்மரும் ஒரு பக்கத்திற்கு ஒன்பதின்மராக நின்று ஆடினர். பெஞ்சில் இருக்க எவரும் எஞ்சவில்லை. பின்னர் ஒரு பக்கத்திற்கு ஐவர் என்று வரையறுக்கப்படவே, காத்திருப்போர் என்னும் ஓர் இனம் தோன்றிற்று. தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் வெளியேறியவன் மீண்டும் களம் புக இயலாது. 1920-21-இல் ஒரு முறை திரும்பலாம் என்று விதி தளர்ந்தது. 1944-45-இல் எத்தனை முறையும் திரும்பலாம் என்றாயிற்று. அன்று முதல் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குதல் பயிற்சியாளரின் தனிக்கலையாக வளர்ந்தது. நம் மாகாணத்தில் இத்தகைய ஆட்டங்கள் வேரூன்றுதற்கு, 1920-இல் ஹாரி பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி பெரிதும் துணை நின்றது.

இனிக் கணக்கினை நோக்குவோம். சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிஷம். களத்தில் இடம் ஐந்து. ஆகவே பங்கிடத்தக்கது 200 நிமிஷமே. பன்னிருவர்க்கும் சமமாய்ப் பங்கிட்டால் ஒருவனுக்கு 16 நிமிஷமும் 40 விநாடியும் கிட்டும். முதல் ஐவர் 32 நிமிஷம் வீதம் ஆடின், எஞ்சுவது 40 நிமிஷமே. அதனை மூவர் பகிர்ந்துகொள்ள, நால்வர் களத்தை மிதியாமலே வீடு திரும்புவர். அவ்வைவரும் 28 நிமிஷம் வீதம் ஆடின், 60 நிமிஷம் எஞ்சும். நால்வர் கால் மணி நேரம் வீதம் ஆடலாம். ஒருவனுக்குக் கூட்டுவதை மற்றொருவனிடமிருந்தே எடுத்தாகவேண்டும். வழக்கின் வேர் இதுவே.

வல்லவனே நெடுநேரம் ஆடவேண்டும் என்பர் ஒரு சாரார். பிலடெல்பியா வாரியர்ஸ் குழுவின் வில்ட் சேம்பர்லின் 1961-62-இல் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 48.5 நிமிஷம் ஆடினார். அமெரிக்கத் தொழின்முறை ஆட்டமே 48 நிமிஷந்தான். சமநிலையால் நீண்ட ஆட்டங்களின் நேரமும் சேர்ந்து சராசரி அதனைக் கடந்தது. மேலும், பொருள் கொடுத்து வருவோர் பெயர் பெற்றவரையே காண விழைகின்றனர். 2012 நவம்பரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் போபோவிச், மயாமியில் ஆட்டம் இருக்க, டன்கன் முதலிய நால்வரை ஓய்வுக்கென ஊருக்கு அனுப்பினார். அதற்காக அக்குழுவுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

மற்றொரு சாரார் கூற்றும் வலியுடையதே. சேம்பர்லினின் குழு அவ்வாண்டு பாஸ்டன் செல்டிக்ஸிடம் தோற்றது. பாஸ்டன் பயிற்சியாளர் ரெட் ஆர்பாக், பிராங்க் ராம்சே என்னும் வல்லவரை வேண்டுமென்றே முதலில் இறக்காமல் வைத்து, எதிரிகள் களைத்தபின் புத்துயிருடன் களமிறக்கி வந்தார். 'ஆறாவது ஆள்' என்னும் பெருமைப் பெயர் இங்ஙனம் புகழ் பெற்றது. 1982-83 முதல் அதற்கென ஒரு பரிசும் வழங்கப்பட்டு வருகின்றது. அபராதம் செலுத்திய ஸ்பர்ஸ் குழுவோ 2013-14-இல் எவரையும் சராசரி 30 நிமிஷம் எட்டவிடாது முறை ஆட்டங்களை நடத்தி, அவ்வாண்டின் பட்டத்தையும் வென்றது.

எம் கருத்தில், சிவகாசி மக்கள் அறிந்த வாணமே இதற்கு நல்ல உவமை. உந்து மருந்து முதலில் பற்றி வாணத்தை மேலே எழுப்பும். திரி அளவாக எரிந்து சென்ற பின்னரே உள்ளிருக்கும் வண்ண மணிகள் வெடித்து விரியும். எல்லாம் ஒரு கணத்திற் பற்றினால் அது வேடிக்கையன்று, விபத்து. காத்திருக்கும் மருந்தைப் பயனற்றதென்பார் உளரோ? ஐவரையும் ஒருங்கே மாற்றாமல், முதல் ஐவரில் இருவரேனும் களத்தில் நிற்குமாறு ஒவ்வொருவராக மாற்றுவது அத்தகைய முறைவைப்பே. ஐந்து பிழை செய்தவன் வெளியேறியே ஆகவேண்டும் என்னும் விதியும், பெஞ்சினைப் பழக்காது விட்ட குழுவை இறுதி நிமிஷங்களில் தண்டிக்கும்.

எனினும் தொழின்முறைக் குழுவும் கல்லூரிக் குழுவும் ஒன்றல்ல. நம் நாட்டில் 2022-இல் தொடங்கி, சென்னை ஹீட் முதலிய குழுக்கள் பங்குகொண்ட இந்திய தேசியக் கூடைப்பந்து லீக் போன்றவற்றில், வெற்றியே தொழில். அங்கே நிமிஷங்கள் இரக்கத்தால் அளக்கப்படுவதில்லை. அமெரிக்கத் தேசியச் சங்கத்தில் ஆடிய முதல் இந்திய வமிசத்தவரான சிம் புல்லர், 2015 ஏப்ரலில் தம் முதல் ஆட்டத்திற் பெற்றது 16 விநாடி. அங்கு அவர் ஆடியவை மூன்றே ஆட்டங்கள். கல்லூரியோ மாணவனை ஆக்குதற்கே உள்ளது. ஆடாதவன் ஆட்டங் கல்லான். அவனுக்குரிய ஆண்டுகளோ மூன்று அல்லது நான்கு. ஆதலின், இறுதிப் போட்டியில் வல்லவர்க்கே முதலிடம் தருக. மற்ற ஆட்டங்களில் பயிற்சிக்குத் தவறாது வந்த ஒவ்வொருவனையும் சில நிமிஷமேனும் களமிறக்குக. அமர்த்தப்பட்டவனுக்குக் காரணத்தை நேரிற் கூறுக. எதனைத் திருத்திக்கொண்டால் இடம் கிட்டும் என்பதையும் உடன் கூறுக. இது சலுகையன்று, கடன் என்பதே எம் துணிபு.

காத்திருப்போர்க்கும் ஒரு சொல். விருதுநகர் ஈன்ற காமராசர் 1954 முதல் முதலமைச்சராயிருந்து, 1963 அக்டோபர் 2-ஆம் நாள் தாமே பதவி துறந்து, பக்தவத்சலம் அவ்விடம் ஏற்க, கட்சிப் பணிக்குத் திரும்பினார். பதவியை விட்டதனால் அவர் தொண்டு குறையவில்லை. களத்தைவிட்டு வருபவன் துண்டை எறிந்து முகஞ்சுளியாது, உள்ளே செல்பவனின் கையைத் தட்டி அனுப்புக. உள்ளே செல்பவன், பெஞ்சிலிருந்து தான் கூர்ந்து நோக்கிய எதிரியின் குறையைத் தன் தோழர்க்கு உரைக்க. அன்று அப்பெஞ்சு தண்டனைக்குரிய இடமாகாது. களத்தின் ஆறாவது இடமாகவே விளங்கும்.