சிதறும் கவனமும் சீர்செய்யும் பயிற்சியும்

ஒருவன் பாடத்தை நன்கு விளங்கிக்கொள்கிறான்; வகுப்பில் முந்திக்கொண்டு விடையும் சொல்கிறான். ஆனால், செய்முறைக் குறிப்பேட்டை மட்டும் உரிய நாளில் ஒப்படைப்பதில்லை. அறைச் சாவியைத் தொலைக்கிறான். உலகம் அவனைச் சோம்பேறி என்கிறது. நாளடைவில் அவனும் அதை நம்பிவிடுகிறான். அந்த ஒருவன் நான்தான் என்பதை ஒளிப்பானேன்? ஆய்வறிக்கையில் ஓர் இயலும் எழுதாமல், "பாதி முடிந்துவிட்டது, அப்பா" என்று ஊருக்குப் பொய் சொன்னவன் நான்.

சென்ற ஆண்டு, எனக்கிருப்பது ஏ.டி.எச்.டி. என்றார் மருத்துவர். கவனச் சிதறலும் அடங்காத துடிப்பும் என்று இதை விளக்கலாம். இது இக்காலத்து நாகரிக நோயன்று. 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் மருத்துவர் கவனம் நிலைக்காத இயல்பைப் பற்றி எழுதினார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைக் குறித்து லண்டனில் சொற்பொழிவாற்றினார். இன்றைய பெயர் 1987-இல் வந்தது. வளர்ந்தோரிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். எனவே, தேர்வுக் காலத்தில் மனம் அலைவதை வைத்து இப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாகாது.

மூளையில் நிகழ்வது என்ன? நம் சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்தை எண்ணிப் பாருங்கள். எல்லா வண்டிகளும் உறுமி நிற்கின்றன; எது முதலில் புறப்படவேண்டும் என்று சொல்பவர் மட்டும் அயர்ந்துவிட்டார். மூளையின் முன்பகுதியே அவர். டோபமின், நாரட்ரினலின் என்னும் வேதிப்பொருள்கள் வழியாக நிகழும் செய்திப் போக்குவரத்தில் ஏற்படும் மாறுபாடே இதற்கு ஒரு காரணம். மெதில்பெனிடேட் போன்ற மருந்துகள் அதனை ஓரளவு சீர்செய்கின்றன.

ஆனால், மருந்து ஆய்வறிக்கை எழுதித் தராது. இங்கேதான் தனிப்பயிற்சி துணை நிற்கிறது. அமெரிக்க மருத்துவர்களான ஹாலோவெல், ரேட்டி இருவரும் 1994-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை வலியுறுத்தினர். என் பயிற்றுநர் எனக்கு வேதியியல் கற்பிக்கவில்லை. "தம்பி, ஆய்வறிக்கை என்பது ஒரு வேலையன்று, நாற்பது வேலை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு எந்தத் தாளைத் திறப்பீர்கள்?" என்று கேட்டார். வாரம் ஒருமுறை சந்திப்பு; இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு. பெரிய வேலையைத் துண்டாக்குதல், நினைவை நம்பாமல் எழுதி வைத்தல், தவறிய நாளை ஆராய்ந்து மீண்டும் தொடங்குதல் ஆகியவையே அவர் தந்த பாடங்கள். மூன்றாம் வாரம் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். இப்போது இரண்டு இயல்கள் முடிந்துள்ளன.

ஓர் எச்சரிக்கை. பயிற்றுநர் நோயைக் கண்டறியவோ மருந்து தரவோ இயலாதவர். மருந்தை ஆராய்ந்த அளவு இப்பயிற்சியை இன்னும் ஆராயவில்லை. ஆகையால், முதலில் மருத்துவரையே காணவேண்டும். நம் நகரிலேயே, 1974-இல் உருவான நிம்ஹான்ஸ் இருக்கிறது. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

பயிற்சிக்குப் பணம் இல்லாதவர் என்ன செய்வது? அருகில் ஒருவர் அமைதியாக அமர்ந்து தம் வேலையைச் செய்தாலே சிதறும் மனம் பெரிதும் அடங்குவதை நான் கண்டிருக்கிறேன். நம் சங்க அறையில் மாலைதோறும் ஒரு மணி நேரம் அவ்வாறு கூடிப் படிக்கலாமே! தோழனைச் சோம்பேறி என்று சொல்லுமுன் அவனருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.