பழைய பைபர் படகும் கரிசல் வெயிலும்

கேள்வி: தூத்துக்குடியில் வாங்கிய பழைய பைபர் மோட்டார் படகைக் கோவில்பட்டியில் வீட்டிலேயே புதுப்பிக்க முடியுமா?

பதில்: முடியும். பைபர் படகு என்பது கண்ணாடி இழையைப் பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்து அடுக்கிய ஓடு. அது துருப்பிடிக்காது, ஆனால் கீறல் வழியே நீர் உள்ளே இறங்கும். சிறு சுத்தியலால் தட்டினால் கெட்டியான இடம் 'டக்' என்று ஒலிக்கும், அடுக்கு விட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். முதலில் உளுத்துப்போவது பெரும்பாலும் எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் இருக்கும் பிளைவுட்தான்.

ஈரம் முழுதும் காயாமல் ஒட்டுப்போட்டால் ஒட்டு நிற்காது. அந்த வகையில் கோவில்பட்டிக் கரிசல் காட்டின் வறண்ட வெயில் ஒரு வரம். கரிசல் மண்தான் வில்லங்கம்: மழையில் உப்பி, கோடையில் வெடிப்பதால் முட்டுக்கட்டைகள் சரிந்து படகு முறுகும். சிமென்ட் தளமே சரி. ஆடிக்காற்றின் புழுதியும் ஐப்பசி மழையும் ஆகாது. மாசி, பங்குனியின் காலை வேளை நல்லது.

பழுதைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, கண்ணாடி இழை விரிப்பை (மேட்) ரெசினில் நனைத்து, காற்றுக் குமிழ் போக ரோலர் உருட்ட வேண்டும். கிலோ ரெசினுக்குச் சுமார் 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகச் செய்யும் திரவம்). உச்சி வெயிலில் கலவை டப்பாவிலேயே இறுகிவிடும். இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ரெசின் ஆவியும் தீப்பிடிக்கும். தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.