பறக்காத விமானம்

அமெரிக்க நாட்டின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் வாழ்ந்தார். அவருடைய தந்தை பியானோ, ஆர்கன் முதலிய இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலையை நடத்தினார். விமானம் ஓட்டக் கற்பதற்கு மிகுந்த பணம் செலவாவதைக் கண்ட லிங்க், ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே 1929ஆம் ஆண்டில் ஒரு பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். சிறு விமானம் போன்ற அப்பெட்டி தரையை விட்டு எழாது. உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியை அசைத்தால் சாயும், நிமிரும், திரும்பும். தொடக்கத்தில் அதனைப் பொழுதுபோக்குப் பூங்காக்களே விரும்பி வாங்கின. காசு போட்டு ஏறி விளையாடும் பொம்மையாகவே அது இருந்தது.

1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், வான்வழி அஞ்சலைச் சுமக்கும் பணியை அமெரிக்க அரசு படை விமானிகளிடம் ஒப்படைத்தது. இரவிலும் மூடுபனியிலும் பறந்து பழகாத அவர்களுள் பலர் அடுத்தடுத்து விபத்துகளில் மாண்டனர். மேகத்தினுள் தரை தெரியாது. உடலின் உணர்வும் பொய் சொல்லும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தாலும், நேராகச் செல்வதாகவே செவியினுள் உள்ள சமநிலை உறுப்பு உணர்த்தும். அதனை நம்பாது, எதிரே உள்ள கருவிகளை நம்பப் பழகுதல் வேண்டும். அவ்வாண்டிலேயே படைத்துறை ஆறு பெட்டிகளை வாங்கியது.

மூடியை இறக்கிவிட்டால் உள்ளிருப்பவருக்கு வெளியுலகம் தெரியாது. கருவிகள் மட்டுமே துணை. பின்னர் வந்த பெட்டிகளில், ஆசிரியரின் மேசைமீது 'நண்டு' எனப்பட்ட சிறு கருவி ஊர்ந்து, மாணவர் சென்ற வழியை வரைபடத்தில் மையால் வரைந்தது. வழி தவறிய இடம் பயிற்சி முடிந்ததும் கண்முன் நின்றது. அந்த மைக்கோடுதான் பொம்மையைப் பள்ளியாக்கியது எனலாம். மலையில் மோதியவரும் மூடியைத் திறந்து சிரித்தபடி இறங்கலாம், மீண்டும் ஏறலாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 10,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. இன்று அறுவை மருத்துவர்களும் தீயணைப்பு வீரர்களும் இத்தகைய பயிற்சி விளையாட்டுகளால் பழகுகின்றனர். இந்திய இரயில்வேயின் ஓட்டுநர்களும், ஓடாத இரயிலில் அமர்ந்து, திரையில் விரியும் தண்டவாளத்தைப் பார்த்து ஓட்டிப் பழகுகின்றனர்.

அருஞ்சொற்பொருள்: துருத்தி – காற்றை ஊதும் தோற்கருவி, மாண்டனர் – இறந்தனர், செவி – காது.

பயிற்சி

1. மேகத்தினுள் பறக்கும் விமானி தம் உடலுணர்வை நம்பக் கூடாது. ஏன்?

2. 'நண்டு' வரைந்த கோடு மாணவருக்கு எவ்வாறு உதவியது?

3. உன் தாய் அல்லது தந்தையின் பணியில் நேரக்கூடிய ஒரு பிழையை அவர்களிடம் கேட்டறிக. அப்பிழையைத் தீங்கின்றிச் செய்து திருத்திக்கொள்ள ஒரு விளையாட்டு அமைத்து, அதன் விதிகளைத் தமிழில் எழுதுக.